பாலம் தாண்டி ஒரு நாள்

கித்தா மரம் இலை கொட்டும் மாதம் வந்துவிட்டால் தோட்டத்து வெயிலே தனி வெயில்தான். நிழல் போய்விடும். சருகு காலடியில் நொறுங்கும். மங்கில் பாதிப் பால்கூட நிற்காது. பால் குறைந்தால் சம்பளமும் குறையும். பட்டணத்துக்காரர்கள் கோடை என்றதும் கடற்கரை, மலைவாசம் என்று கிளம்புகிறார்கள். அந்தக் காலத்துத் துரைமார்கள் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய்க் குளிர் காய்ந்து வந்தார்கள். நமக்கு மட்டும் ஏது கோடை விடுமுறை?

"ஏன், நாமும் ஒரு நாள் ஊர் சுற்றிப் பார்த்தா என்ன? அது குத்தமா?" என்று கேட்டார் எங்கள் லயத்து அக்கா ஒருவர். இருபத்தெட்டு வருஷம் செம்பனைக்கு மருந்தடித்த கை அவருடையது. ஜொகூரில் இருந்துகொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தினமும் அவருடைய மகன் மோட்டார் சைக்கிளில் அங்கே வேலைக்குப் போய் வருகிறான். அதிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டால் இரவுதான் திரும்புவான். "நீ பார்த்தியாடா அந்த ஊரை?" என்று கேட்டால், "பேக்டரிய பார்த்தேம்மா" என்பான்!

அப்படித்தான் அன்பர்களே, பெரியவர்கள் ஏழு பேர், பிள்ளைகள் நாலு பேர், ஆக பதினோரு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் போய் வந்தோம். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். போக நினைப்பவர்களுக்கு வழி தெரியும். போக முடியாதவர்களைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

புறப்படுவதற்கு முந்தின நாள் மேட்டு லயத்துப் பெரியம்மா எங்களைக் கூப்பிட்டனுப்பினார். எண்பத்திரண்டு வயது. நாற்பது வருஷம் பால்வெட்டியவர்.

"தேக்காவுக்குத்தானே போறீங்க? அங்கிட்டு நியூ வோர்ல்டுன்னு ஒண்ணு இருந்திச்சு. அந்த வாசல் இன்னும் இருக்கான்னு பாத்துட்டு வாங்கய்யா. எனக்கு ரெண்டு கண்ணாடி வளையலும் வாங்கியாங்க" என்று முடிச்சை அவிழ்த்துப் பத்து ரிங்கிட் கொடுத்தார்.

"நீங்களும் வாங்களேன் பெரியம்மா!" என்றான் ஒரு சின்னப் பையன், விவரம் தெரியாமல்.

பெரியம்மா சிரித்தார். "எனக்குச் சிவப்புக் கார்டுய்யா. பாஸ்போட்டு கெடையாது" என்றார்.

பெரியம்மா பிறந்தது இதே மண்ணில், ஒரு தோட்டத்து லயத்தில். பிறப்பைப் பதிய அன்று யாரும் போகவில்லை. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர் நிரந்தரவாசி, குடிமகன் அல்ல. குடியுரிமை இல்லாதவருக்கு மலேசியப் பாஸ்போர்ட் கிடையாது. "பொறந்த பத்திரந்தான் இல்ல. பொறந்தது நெசந்தானே?" என்று அவர் கேட்டதற்கு எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

பன்னிரண்டு வயதில் தகப்பனாரோடு அவர் சிங்கப்பூர் போயிருக்கிறார். அன்று மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே வெள்ளைக்காரன் கையில் இருந்தன. பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967-இல் பாலத்தில் பாஸ்போர்ட் பரிசோதனை வந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் திறந்திருந்த அதே பாதை எண்பத்திரண்டு வயதுக் கிழவிக்கு அடைபட்டுக் கிடக்கிறது.

பாலத்தில்

விடியற்காலையில் வேன் பிடித்து ஜொகூர் பாரு லார்க்கின் பஸ் நிலையத்துக்கு வந்தோம். அங்கிருந்து 170-ஆம் நம்பர் பஸ் சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட் வரை போகிறது. ஜொகூர் பாரு சோதனைச் சாவடியில் மூட்டை முடிச்சோடு இறங்க வேண்டும். சோதனை முடிந்ததும் ஏற வேண்டும். உட்லண்ட்ஸில் இறங்கி மறுபடியும் ஏற வேண்டும். நாம் வரும்வரை அதே பஸ் காத்திருக்காது; அடுத்து வரும் அதே நம்பர் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். ஆகவே டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள்.

இந்தப் பாலம் 1924-இல் முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பாலத்தை ஒட்டிப் பெரிய பெரிய குழாய்கள் ஓடுவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். "என்ன மாமா அது?" "தண்ணிடா! நம்ம ஜொகூர்த் தண்ணி." 1962-இல் போட்ட ஒப்பந்தப்படி தினம் 25 கோடி கேலன் வரை ஜொகூர் ஆற்றுத் தண்ணீரைச் சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். 2061 வரைக்கும் அந்த ஒப்பந்தம் உண்டு. தண்ணீருக்குப் பாஸ்போர்ட் வேண்டாம் பாருங்கள்!

மனிதருக்கு வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது தவணை பாக்கி இருக்க வேண்டும். அதோடு சிங்கப்பூருக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையைக் கைத்தொலைபேசியிலேயே நிரப்பி அனுப்ப வேண்டும். இதற்குக் காசு கிடையாது. "நான் நிரப்பித் தர்றேன், காசு கொடு" என்று கேட்கும் இணையப் பக்கங்கள் உண்டு. ஏமாறாதீர்கள். சிங்கப்பூர்க் குடிநுழைவு இலாகாவின் சொந்தப் பக்கத்தில்தான் நிரப்ப வேண்டும். படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

இன்னும் சில எச்சரிக்கைகள். சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது. ஒரு சிகரெட் வைத்திருந்தாலும் வரி உண்டு. மலேசியாவிலிருந்து வருபவருக்கு மதுவிலும் வரிச்சலுகை கிடையாது. வெற்றிலை போடும் பாட்டிமார் கவனிக்க: வாயில் போடும் புகையிலைக்கு அங்கே தடை. எங்கள் கோஷ்டியில் ஒருவர் பொட்டலத்தை வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்!

சுண்ணாம்பும் செங்கல்லும்

குவீன் ஸ்திரீட்டில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் லிட்டில் இந்தியா. நம்ம ஆட்கள் வாயில் இன்றைக்கும் அது தேக்காதான். சீனர்களின் ஹொக்கியன் பேச்சில் 'மூங்கில் அடி' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பக்கத்து ரோச்சோர் கால்வாய்க் கரையில் ஒரு காலத்தில் மூங்கில் புதர்கள் இருந்தனவாம்.

தேக்கா சந்தையில் நுழைந்தோம். கீழே ஒரு பக்கம் மீனும் ஆட்டிறைச்சியும் காய்கறியும், மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள், மேலே துணிக்கடைகள். 1915-இல் கட்டிய பழைய சந்தை சாலைக்கு எதிர்ப்புறம் இருந்தது. இப்போதுள்ள கட்டடம் 1982-இல் வந்தது. முருங்கைக்காயையும் கொத்தவரங்காயையும் பார்த்துவிட்டு, "இதென்ன, நம்ம சந்தை மாதிரியே இருக்கு!" என்றார் அக்கா. கருவேப்பிலை வாசம் எந்த நாட்டில் அடித்தாலும் நம் வீட்டு வாசம்தானே?

சந்தைக்குப் பக்கத்துத் தெருவின் பெயர் பஃபலோ ரோடு. அதற்கு அடுத்த தெரு கெர்பாவ் ரோடு. நமக்கு மலாய் தெரியும். கெர்பாவ் என்றாலும் எருமைதான்! ஒரே மாட்டுக்கு இரண்டு தெரு. காரணம் இருக்கிறது. அன்றைக்கு இந்த வட்டாரம் பூராவும் மாட்டுப் பட்டி. தண்ணீரும் புல்லும் கிடைத்ததால் மாட்டு வியாபாரம் இங்கே செழித்தது. மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் வண்டி ஓட்டவும் நம் ஆட்கள் வந்தார்கள். பொங்கல் சமயத்தில் இங்கே மாடுகளைக் கொண்டுவந்து கட்டிப் பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு.

சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இதைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள். இந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கல் சூளைகளும் இருந்தன. அங்கே வெந்து உழைத்தவர்கள் கும்பிட்ட காளி இவள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அக்கம்பக்கத்து ஜனங்கள் இந்தக் கோயிலுக்குள்தான் ஓடி ஒளிந்தார்கள். கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சுண்ணாம்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1825 முதல் 1873 வரை வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலில் ஏற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தான். சாலை போட்டது, சதுப்பைத் தூர்த்தது, செங்கல் அறுத்தது எல்லாம் அவர்கள் கைகள். இன்று ஜனாதிபதி மாளிகையாக இருக்கும் இஸ்தானாவையும், வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கட்டியது அந்தக் கைதிகளே. தேவாலயத்துச் சுவர்ப் பூச்சுக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்தார்கள். மதராஸ் பக்கத்துக் கைப்பழக்கம் அது. இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க நமக்கு என்ன கூச்சம்? அஸ்திவாரத்தில் நம் பாட்டன் வியர்வையும் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பாப்பா ரயில் நிலையத்துப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "லிட்...டில் இந்...தியா! மாமா, தமிழ்ல எழுதியிருக்கு!" ஆம், தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கே பஸ் காசு தகும்.

நியூ வோர்ல்டு வாசல்

கோயிலிலிருந்து சிராங்கூன் சாலையோடு வடக்கே நடந்தோம். பூக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை. நடுவில் முஸ்தபா கடை. ஒரு ஊரையே கடைக்குள் அடைத்த மாதிரி இருக்கிறது. ஊசி முதல் நகை வரை கிடைக்கும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளாவிட்டால் தொலைத்துவிடுவீர்கள்! இன்னும் கொஞ்ச தூரத்தில் 1855-இல் எழுந்த ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசக் காவடிகள் இங்கிருந்துதான் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் புறப்படும்.

பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டுக் கிச்சனர் ரோட்டுப் பக்கம் வந்து விசாரித்தோம். 1923-இல் திறந்த பொழுதுபோக்குப் பூங்கா நியூ வோர்ல்டு. ராட்டினம், சினிமா, மல்யுத்தம், ரோங்கெங் ஆட்டம் என்று ஏழை எளியவர்களும் சில்லறைக் காசில் சந்தோஷப்பட்ட இடம். டெலிவிஷன் வந்தது, பெரிய பெரிய கடைத்தொகுதிகள் வந்தன, கூட்டம் குறைந்தது. 1987-இல் மூடிவிட்டார்கள். இன்று அங்கே சிட்டி ஸ்கொயர் என்ற பெரிய கடைத்தொகுதி நிற்கிறது.

"போச்சு, பெரியம்மாகிட்ட என்ன சொல்றது?" என்று நின்றோம். அப்போது பையன் ஒருவன் கத்தினான்: "அண்ணே, அங்க பாருங்க!" கடைத்தொகுதியை ஒட்டிய சின்னப் பூங்காவில் அந்த வாசல் நிற்கிறது! உள்ளே ராட்டினம் இல்லை, சினிமா இல்லை. பழைய நினைவுக்காக வாசலை மட்டும் வைத்திருக்கிறார்கள். பதினோரு பேரும் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அக்கா மட்டும் வாசலைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

வயிறார ஒரு சாப்பாடு

மத்தியானம் மறுபடியும் தேக்காவுக்கு வந்தோம். சைவக்காரர்கள் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் தேடிப் போனார்கள். 1947 முதல் நடக்கும் கடை. மற்றவர்கள் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடையில் பிரியாணி வாங்கினோம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறிக்குப் பேர்போன கடைகள் இருக்கின்றன. மலையாளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் 1949 வாக்கில் இந்தக் கறியைத் தொடங்கினார் என்பார்கள். சீனர்கள் மீன்தலையை ருசித்துச் சாப்பிடுவதைப் பார்த்து, அதை நம்ம மசாலாவில் போட்டாராம். நம் குழம்பும் சீனர் நாக்கும் சேர்ந்து பிறந்த பிள்ளை அது! பெரிய சட்டியில் வரும். ஆளாளுக்கு வாங்கினால் கை சுடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சட்டி வாங்கினால் கட்டும்.

விலையைப் பற்றி ஒளிக்காமல் பேசிவிடுவோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் காசு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். ஆறேழு வெள்ளி பிரியாணி நம் கணக்கில் இருபது ரிங்கிட்டுக்குக் குறையாது. இங்கே 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட்டுச் சொச்சம். அப்படியானால் ஒரு தட்டுப் பிரியாணி ஒரு நாள் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு! அதனால் நாங்கள் காலைப் பசியாறலுக்கு வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். மத்தியானம் ஒரு வேளை மட்டும் கடைச் சாப்பாடு. தண்ணீருக்குக் காசே செலவழிக்கவில்லை. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம். போத்தல் மட்டும் கொண்டுபோங்கள்.

சாமான் வாங்கும்போது முதல் கடையிலேயே விழுந்துவிடாதீர்கள். ஒரு கடையில் பதினைந்து வெள்ளி சொன்ன சேலை நாலு கடை தள்ளி ஒன்பது வெள்ளிக்குக் கிடைத்தது. பெரியம்மாவுக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கினோம். பத்து ரிங்கிட் போதவில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முகங்கள்

பிற்பகலில் தேக்கா பக்கம் கூட்டம் நெரிந்தது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த வேலையாட்கள். கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் பாடுபட்டுவிட்டு ஏழாம் நாள் இங்கே வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், முடி வெட்டிக்கொள்கிறார்கள், சொந்த ஊர்க்காரனைத் தேடிப் பிடித்துப் பேசுகிறார்கள். புல்தரையில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க மலேசியாவாண்ணே? எங்க தாத்தாவோட தம்பி அங்கதான் ரப்பர் வெட்டப் போனாரு. திரும்பி வரவே இல்ல. ஏழு வருஷமா நான் இங்க இருக்கேன். மகளுக்கு அஞ்சு வயசு. போன்லதான் வளருது."

குடும்பத்தைக் கூட்டி வரலாமே என்று அக்கா கேட்டார். "எங்க பெர்மிட்டுக்குக் குடும்பத்த கொண்டாற முடியாதுக்கா" என்றார் அவர். எங்கள் பெரியம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. இவருக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, ஆனால் பிள்ளை பக்கத்தில் இல்லை. உழைக்கிறவன் கையை மட்டும் கேட்கும் உலகம் இது. கையோடு ஒரு மனிதனும் வருகிறானே!

2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. இதே வட்டாரத்தில் தனியார் பஸ் ஒன்றில் அடிபட்டுத் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் மாண்டார். 33 வயதுதான். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது, வண்டிகள் எரிந்தன. சிங்கப்பூரில் நாற்பது ஆண்டுகளாக அப்படி ஒன்று நடந்ததில்லை. பிறகு 2015-இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நாடு முழுவதும் இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனி, ஞாயிறு பகலிலும் கூடாது. நம்ம ஆட்கள் சிலருக்கு வெளியூர் போனால்தான் தாகம் எடுக்கும். எங்கள் கோஷ்டி புறப்படும்போதே பெண்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: "குடிக்கிற ஆளு வீட்டோட இருங்க!" ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

2020-இல் கொரோனா வந்தபோது இந்தத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் விடுதிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்தத் தம்பி சொன்னார்: "அப்பத்தாண்ணே ஞாயித்துக்கிழமையோட அருமை தெரிஞ்சுது. இந்தப் புல்லுல வந்து சும்மா உக்கார மாட்டமான்னு ஏங்கிப் போனோம்." சும்மா உட்காருவது எவ்வளவு பெரிய சுகம் என்பது உழைப்பவனுக்குத்தான் தெரியும்.

நம்ம மரத்தின் தாய்வீடு

லிட்டில் இந்தியா நிலையத்தில் நீலக் கோட்டு ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் தோட்டம். வண்டிக்குள் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகும். பிள்ளைகள் கையில் இருக்கும் மிட்டாயைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

1859 முதல் இருக்கும் தோட்டம் இது. 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. நுழைவு இலவசம். ஆர்க்கிட் பூந்தோட்டத்துக்கு மட்டும்தான் காசு. மெத்தென்ற புல்தரை, குளத்தில் அன்னம், குளுகுளுவென்று நிழல். வெயிலில் வாடிய எங்கள் பிள்ளைகள் ஓடிக் களித்தார்கள். ஆனால் நாங்கள் அங்கே போனதற்கு வேறு ஒரு காரணம் உண்டு.

கித்தா மரத்தின் சொந்த ஊர் பிரேசில். 1876-இல் அங்கிருந்து விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோய் முளைக்கவைத்தார்கள். 1877-இல் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சில இந்தத் தோட்டத்தில் வேர்விட்டன. சில பேராக் கோலகங்சாருக்குப் போயின. 1888-இல் இங்கே பொறுப்பேற்ற ரிட்லி என்ற வெள்ளைக்காரர், மரத்தைக் கொத்திக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். கோட்டுக்குக் கீழே கோடு, தினம் ஒரு மெல்லிய சீவல். ஆமாம், நம்மவர்கள் விடியலில் விளக்குக் கட்டிக்கொண்டு வெட்டினார்களே, அந்த வெட்டுத்தான்! காப்பி பயிரிட்ட தோட்டக்காரர்களிடம், "ரப்பர் போடுங்கள், ரப்பர் போடுங்கள்" என்று விதையைத் திணித்ததால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் முதலில் துணிந்து தோட்டம் போட்டார். மோட்டார் கார் பெருகியது, ரப்பர் விலை ஏறியது, காடு அழிந்தது, தோட்டம் வந்தது. அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் நம் பாட்டன்மாரைக் கப்பல் ஏற்றினார்கள்.

இங்கே இன்றும் ரப்பர் மரங்களைப் பார்க்கலாம். ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தோம். எங்களோடு வந்த மாமா ஒருவர் முப்பது வருஷம் பால்வெட்டியவர். முதுகு கூனிவிட்டது. பட்டையில் உள்ளங்கையை வைத்தார். "வெட்டாத மரம் எவ்வளவு வழவழன்னு இருக்கு பாரு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவன் இங்க வந்து முளைக்காட்டி நாம எங்க இருந்திருப்போம்?" என்று கேட்டார். காவிரிக்கரையில் இருந்திருப்போமோ, பஞ்சத்தில் செத்திருப்போமோ, யார் கண்டது?

தோட்டத்துக்குள் சிறு காட்சியகம் ஒன்றும் உண்டு. அதற்கும் காசில்லை. ரப்பர் கதையைப் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை நிறுத்திக் காட்டினோம். "தாத்தா இதத்தான் செஞ்சாரு" என்று சொல்லிக் காட்ட ஓர் இடம் இருப்பது நல்லதுதானே!

அந்தி சாய்ந்ததும் அதே ரயிலில் பேஃப்ரண்ட் போனோம். 2012-இல் திறந்த கரையோரப் பூந்தோட்டத்தில் இரும்பும் செடியுமாகப் பதினாறு மாடி உயரத்துக்கு ராட்சத மரங்கள் நிற்கின்றன. இரவு ஏழே முக்காலுக்கும் எட்டே முக்காலுக்கும் பாட்டோடு விளக்குகள் மின்னும். தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்க்கலாம். இதுவும் இலவசம். பக்கத்து ஹோட்டல் உச்சியில் ஏறத்தான் காசு. கீழே நின்று வாய் பிளக்கக் காசு கேட்பதில்லை! அங்கிருந்து இரண்டு நிறுத்தம் வந்தால் பூகிஸ். பக்கத்திலேயே குவீன் ஸ்திரீட் பஸ்.

செலவுக் கணக்கு

பெரிய ஆளுக்கு ஏறக்குறைய நாற்பது சிங்கப்பூர் வெள்ளிக்குள் எல்லாம் முடிந்தது. நம் காசில் 130 ரிங்கிட் வாக்கில், அதாவது இரண்டு நாள் கூலி. இதற்காக யாரும் கடன் வாங்கவில்லை. பத்து மாதம் முன்னதாகவே ஆளுக்கு மாதம் பதினைந்து ரிங்கிட் என்று ஒரு டின்னில் போட்டுவந்தோம். பாஸ்போர்ட்டுக்குத் தனியாக 200 ரிங்கிட். ஒரு தடவை எடுத்தால் ஐந்து வருஷம். வட்டிக்கு வாங்கி ஊர் சுற்றாதீர்கள். சேர்த்துவைத்துச் சுற்றுங்கள். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சேர்க்கிற நாம் சந்தோஷத்துக்கென்றும் ஒரு டின் வைத்தால் என்ன?

வீடு திரும்பி

லயத்துக்கு வந்து சேர நடுநிசி தாண்டிவிட்டது. மேட்டு லயத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினோம். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். "இதேதான்யா. இந்த வாசல்லதான் எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கினாரு. கூட்டத்துல ஒண்ணும் தெரியலன்னு அழுதேன்ல? பன்னண்டு வயசுப் புள்ளைய தூக்கினாரு!" என்றார். வளையலைப் போட்டுக்கொண்டார். சுருங்கிய கையில் பச்சை நிறம் பளிச்சென்று மின்னியது.

2018-இல், நீண்ட காலமாக இந்த நாட்டிலேயே வாழும் அறுபது வயது தாண்டிய சிவப்புக் கார்டு இந்தியர்களுக்குக் குடியுரிமை கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. கிடைத்தவர்களும் இருக்கிறார்கள்; மனுப்போட்டுக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்; மனுவே போடாதவர்களும் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். அன்பர்களே, உங்கள் லயத்தில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், படித்த பிள்ளை ஒருவன் ஒரு நாள் லீவு போட்டு அவரைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போகட்டும். பழைய தோட்டப் பதிவு, கோயில் பதிவு, சம்பளச் சீட்டு, உடன்பிறந்தவர் கார்டு என்று கிடைப்பதையெல்லாம் கையோடு கொண்டுபோங்கள். அதிகாரி கேட்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் மறுபடியும் போங்கள். பிறந்த குழந்தைகளுக்குப் பத்திரம் எடுக்க ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். ஒரு காகிதம் இல்லாததால் ஒரு ஆயுசு முழுக்க ஒரு பாலத்தைத் தாண்ட முடியாமல் போகிறது.

பெரியம்மாவுக்கு மறுபடியும் மனுப் போட்டிருக்கிறோம். சந்தோஷ டின்னில் இந்த மாதம் முதல் பதினைந்து ரிங்கிட் கூடுதலாக விழுகிறது. அது அவருடைய பாஸ்போர்ட்டுக்கு.

"கெடைக்குமாய்யா?" என்று கேட்டார்.

"கெடைச்சதும் முதல்ல எங்க போவீங்க பெரியம்மா?"

"அந்த வாசலுக்கு" என்றார். "ஆனா இந்தத் தடவ என்னைத் தூக்க வேணாம். நானே நடந்து போவேன்."